மதுக்கூட மேசையில் எந்தச் சீனம்? பினாங்குத் தமிழருக்கு ஓர் ஒப்பீடு

பினாங்கில் வாழும் தமிழர் ஒருவர், வேலை முடிந்த மாலையில் லவ் லேன் பக்கத்திலோ அப்பர் பினாங்கு ரோட்டிலோ உள்ள ஒரு பாருக்குச் சென்று, அங்கே அறிமுகமாகும் சீனரோடு அவருடைய மொழியிலேயே பேச விரும்பினால், முதலில் அவர் முடிவு செய்ய வேண்டியது எந்தச் சீனத்தைக் கற்பது என்பதைத்தான். மாண்டரின், ஹொக்கியென், கண்டோனீஸ் ஆகிய மூன்றும் இந்நாட்டில் அன்றாடம் புழங்குகின்றன. மூன்றையும் பொதுவாகச் சீனம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றை மட்டும் அறிந்தவருக்கு மற்றொன்றைக் கேட்டால் புரியாது. அடுத்து, செயலியில் கற்பதா, வகுப்புக்குச் செல்வதா, தனியாசிரியரை அமர்த்துவதா, உடன் வேலை செய்பவரிடம் கேட்டுப் பழகுவதா என்ற கேள்வி வரும். மொழியைப் பொறுத்தே வழியும் அமைவதால் இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். தேர்வு எழுதவோ வணிகத்துக்காகவோ சீனம் கற்பவருக்கு இங்கே சொல்லப்படும் முடிவுகள் பொருந்தா. அறிமுகம், அரட்டை, அதிலிருந்து வளரக்கூடிய நட்பு அல்லது காதல், இவற்றை நாடுகிறவருக்கே இவை பொருந்தும்.

எதையும் கற்காமல் இருப்பதும் ஒரு தெரிவுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஜார்ஜ்டவுன் பார்களில் நாம் சந்திக்கும் சீனர்களில் பெரும்பாலோர் ஆங்கிலமோ மலாயோ ஓரளவுக்கேனும் பேசுவார்கள். இருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் வரை அந்த இரண்டு மொழிகளே போதும். சிக்கல் மூன்றாமவர் வந்து அமரும்போதுதான் தொடங்குகிறது. அவருடைய தோழி வருவார், பள்ளித் தோழர் வருவார், அலுவலகத்து ஆட்கள் நால்வர் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் மேசையின் மொழி மாறிவிடும். அவர்கள் நம்மை ஒதுக்க வேண்டுமென்று மாறுவதில்லை. நாம் நால்வர் கூடினால் தமிழுக்குத் தாவிவிடுவதைப் போலவே அவர்களும் தாவுகிறார்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டு அமர்ந்திருப்பவராக ஆகாமல் இருப்பதற்காகத்தான் சீனம் கற்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் தெரிவுக்கான அளவுகோலும் மாறிவிடுகிறது. நம்மிடம் அவர்கள் எந்த மொழியில் பேசுவார்கள் என்பதை விட்டுவிட்டு, தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கற்க வேண்டும். பேசும் திறனைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனுக்கே முதலிடம் தர வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

பலரும் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பது மாண்டரினைத்தான், அதற்குத் தக்க காரணங்களும் உள்ளன. நாட்டில் ஏறத்தாழ 1,300 சீனத் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பயிற்றுமொழி மாண்டரின். ஆகவே பினாங்கு, ஈப்போ, ஜொகூர், கூச்சிங் என்று எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும், சீனப்பள்ளியில் படித்த இளையவர்கள் ஒருவரோடொருவர் பேசும் பொதுமொழி அதுவே. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக மண்டலம் தொடங்கப்பட்டதிலிருந்து பிற மாநிலத்துச் சீனர்கள் வேலைக்காகப் பினாங்குக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் பணிக்கு வருபவர்களும் அங்கே உண்டு. இத்தகையோர் கலந்து அமரும் மேசையில் ஹொக்கியென் எடுபடாது. மேலும், பாடநூல், செயலி, காணொளி, வகுப்பு, தேர்வு என எல்லா வசதியும் மாண்டரினுக்குத்தான் குவிந்து கிடக்கிறது. 988, மை எஃப்எம் போன்ற வானொலிகளைக் காரில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடக்கும்போதே செவியைப் பழக்கிக்கொள்ளலாம்.

ஆனால் பினாங்கு பினாங்குதான். தீவிலேயே பிறந்து வளர்ந்த சீனர்கள், குறிப்பாக நாற்பது வயதைத் தாண்டியவர்கள், தங்களுக்குள் சிரிப்பதும் திட்டிக்கொள்வதும் ஹொக்கியெனில்தான். கோப்பித்தியாம் என்னும் காப்பிக் கடையில் பீர் பாட்டில்களை அடுக்கிவைத்துப் பேசும் மேசைகளில் மாண்டரின் பேசினால் பதில் கிடைக்கும், ஆனால் பேச்சு சற்று விறைத்துவிடும். ஹொக்கியெனில் ஒரு வாக்கியம் சொன்னால், கடை முதலாளியான தவுக்கேயே வந்து பக்கத்தில் அமர்ந்து எந்தப் பள்ளியில் படித்தாய் என்று விசாரிப்பார். இளைய தலைமுறையில் ஹொக்கியென் குறைந்துவருவது உண்மைதான். வீட்டில் பெற்றோரே பிள்ளைகளிடம் மாண்டரினில் பேசத் தொடங்கிவிட்டதால் இருபது வயதுக்காரர் பலருக்குத் தாத்தா பாட்டியின் ஹொக்கியென் புரியுமே ஒழியச் சரளமாக வராது. சிங்கப்பூரில் மாண்டரின் பேசச் சொல்லி 1979இல் தொடங்கியதைப் போன்ற அரசாங்க இயக்கம் எதுவும் இங்கே நடக்காமலே இந்த மாற்றம் வந்திருக்கிறது. எனவே ஹொக்கியெனைத் தேர்பவர் தம்முடைய வயதையும் தாம் பழகும் வட்டத்தையும் பார்த்துத் தேர்வது நல்லது.

கண்டோனீஸைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் வாழ்பவர்களுக்கு அது பொருட்படுத்த வேண்டிய தெரிவு. பெட்டாலிங் ஸ்திரீட்டைச் சுற்றி முளைத்திருக்கும் பார்களிலும் பழைய சாப்பாட்டுக் கடைகளிலும் அது இன்னும் ஒலிக்கிறது, ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்களால் பல தலைமுறைகளாக ஊட்டம் பெற்றும் வந்திருக்கிறது. கோலாலம்பூருக்கு மாறிச் செல்லும் எண்ணம் உள்ள பினாங்குக்காரருக்குக்கூட நான் மாண்டரினையே சொல்வேன். கண்டோனீஸைக் காதால் பிடித்துக்கொண்டால் போதும். பினாங்கிலேயே இருப்பவருக்கு அது மூன்றாமிடம்தான்.

ஒலியளவில் எது நமக்கு எளிது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் ஆங்கிலேயர் நாவை வைத்தே பேசுகின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் மாண்டரினுக்கும் கண்டோனீஸுக்கும் 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டுமென்று கணக்கிடுகிறது. அது ஆங்கிலம் பேசும் அதிகாரிகள் தொழில்முறைத் தகுதியை அடைவதற்கான கணக்கு. மலாயும் தமிழும் அறிந்த ஒருவர் பார் மேசையில் அரட்டை அடிப்பதற்கான கணக்கு அன்று. நமக்குச் சில இடங்களில் வழி எளிதாகவும் சில இடங்களில் கடினமாகவும் இருக்கும்.

எளிதான இடம் முதலில். பேச்சுத் தமிழில் 'வந்தான்' என்று சொல்லும்போது கடைசி னகரத்தை நாம் முழுதாக ஒலிப்பதில்லை. உயிரெழுத்தையே மூக்கால் இழுத்து நிறுத்திவிடுகிறோம். ஹொக்கியெனில் மூன்று என்ற எண்ணைச் சொல்ல வேண்டிய மூக்கொலி அதே ஒலிதான், மற்றவர்கள் வாரக்கணக்கில் பழக வேண்டிய அதை நாம் முதல் நாளிலேயே சொல்லிவிடலாம். மாண்டரினில் நாவை மடித்து ஒலிக்கும் ரகரம் நம் ழகரத்துக்கு நெருங்கிய உறவு. உள்ளூர் மாண்டரினில் நாவை அவ்வளவு மடிப்பதும் இல்லை என்பதால் அங்கே நமக்குச் சுமையே கிடையாது. கண்டோனீஸில் சொல்லின் முதலிலேயே வரும் ஙகரம் பலரைத் தடுமாற வைக்கும், அதற்கென்றே தனியெழுத்து வைத்திருக்கும் நம்மை அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

கடினமான இடம் வல்லினத்தில் இருக்கிறது. மாண்டரினில் பகரம் இரண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, காற்றை வெடித்து விடுகிறோமா அடக்கி விடுகிறோமா என்பதில்தான். ஹொக்கியெனிலோ அடக்கியது, வெடித்தது, குரலோடு வருவது என மூன்று பகரங்கள். நம்முடைய எழுத்தில் இவை அனைத்துக்கும் ஒரே 'ப' என்பதால், சீனச் சொற்களைத் தமிழெழுத்தில் மட்டும் குறித்துவைத்துப் படிப்பவர் அந்த வேறுபாட்டை நிரந்தரமாக இழந்துவிடுவார். குறிப்பேட்டில் ரோமன் எழுத்து வடிவத்தை எழுதி, பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதுவதே பாதுகாப்பானது. அதைவிடச் சிறந்தது, பேசுபவரின் குரலைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வது.

தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம், பற்றி எல்லோரும் அச்சுறுத்துவார்கள். மாண்டரினில் நான்கு தொனிகளும் ஓர் அழுத்தமற்ற தொனியும் உண்டு, கண்டோனீஸில் ஆறு. ஹொக்கியெனில் எண்ணிக்கையைவிடப் பெரிய தொல்லை என்னவென்றால், சொற்றொடரின் கடைசியில் வரும் அசையைத் தவிர மற்ற அசைகளெல்லாம் ஏறக்குறைய தங்கள் இயல்பான தொனியை விட்டு வேறொன்றுக்கு மாறிவிடும். இதை விதியாக மனப்பாடம் செய்து வென்றவரை நான் கண்டதில்லை. முழு வாக்கியமாகக் கேட்டு, முழு வாக்கியமாகவே திருப்பிச் சொல்லிப் பழகினால் விதி தானே உள்ளே இறங்கும். தனிச் சொற்களை அட்டையில் எழுதி மனனம் செய்யும் முறை மாண்டரினுக்கு ஓரளவு பயன் தரும், ஹொக்கியெனுக்கு அது கேடு என்றே சொல்வேன்.

இலக்கணத்தில் தமிழை மறந்துவிட்டு மலாயிலிருந்து தொடங்குவது நல்லது. மூன்று சீனங்களிலும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை மலாயைப் போன்றதே. வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. எண்ணுக்கும் பெயருக்கும் இடையில் வரும் அளவைச் சொற்கள், பள்ளியில் மலாய் பாடத்தில் 'பெஞ்ஜோடோ பிலாஙான்' என்று நாம் படித்து, 'எக்கோர்', 'பூவா' என்று மதிப்பெண் வாங்கிய அதே ஏற்பாடு. பினாங்கு ஹொக்கியென் இன்னும் ஒரு படி மேலே சென்று, கல்லுக்கு 'பத்து', விருப்பத்துக்கு 'சுக்கா', உதவிக்கு 'தொலோங்' என்று மலாய்ச் சொற்களையே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. மலேசியத் தமிழர் ஒருவர் தம்மை அறியாமலே பினாங்கு ஹொக்கியெனின் ஒரு மூலையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

இனி வழிகளுக்கு வருவோம். செயலிகளில் டுவோலிங்கோவும் ஹலோசைனீஸும் மாண்டரினைக் கற்பிக்கின்றன. பிம்ஸ்லர் ஏறத்தாழ அரை மணி நேர ஒலிப்பாடங்களாக மாண்டரினையும் கண்டோனீஸையும் தருகிறது. பினாங்கு ஹொக்கியெனுக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. மாண்டரினைத் தேர்ந்தவர் முதல் இரண்டு மாதங்களுக்குச் செயலியை வைத்துக்கொள்வது தவறில்லை. எண்கள், நேரம், குடும்ப உறவுகள், ஆம் இல்லை என்பன போன்ற அடித்தளத்தை அது செலவின்றி இட்டுத்தரும். ஆயினும் அது கற்றுத்தருவது பெய்ஜிங்கின் மாண்டரின். சந்தையை 'பாசா' என்றும் லாரியை 'லுவொலி' என்றும் விழுக்காட்டை 'பாசியென்' என்றும் சொல்லும் நம் ஊர் மாண்டரினை அது அறியாது. வாக்கியத்தின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் 'லா', 'லோ', 'மெ' ஆகியவற்றையும் அது கற்றுத்தராது. செயலியில் மட்டும் பயின்றவர் பார் மேசையில் வாய் திறந்தால் செய்தி வாசிப்பவர் வந்துவிட்டதாக மேசை சிரிக்கும். அது நல்லெண்ணச் சிரிப்புதான், பேச்சைத் தொடங்கிவைக்கவும் உதவும். ஆனால் அவர்கள் இயல்பான வேகத்தில் பதில் சொல்லும்போது ஒன்றும் பிடிபடாது என்பதே உண்மையான குறை.

வகுப்புகள் ஒழுங்கைத் தரும். வாரம் ஒரு நாள் கட்டாயமாகச் சென்றாக வேண்டும் என்பதே பலருக்குப் பெரிய உதவி. ஆனால் பெரும்பாலான வகுப்புகள் எச்எஸ்கே என்னும் மாண்டரின் தகுதித் தேர்வை மனத்தில் வைத்து அமைக்கப்படுபவை. 2010 முதல் வழங்கிய ஆறு நிலைத் திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொற்கள், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 600 என்று வகுத்திருந்தார்கள். அரட்டைக்கு அறுநூறு சொற்கள் தாராளம்; ஆனால் அந்த அறுநூறில் நூலகமும் வீட்டுப்பாடமும் வந்து உட்கார்ந்துகொள்ளும், பார் மேசையில் வேண்டிய சொற்கள் பல வெளியே நிற்கும். பாதி நேரம் சீன எழுத்துகளை எழுதிப் பழகுவதில் போய்விடும். எழுத்து கற்பது உயர்ந்த காரியம்தான். இந்த நோக்கத்துக்கு அது தேவையில்லை. வகுப்பில் சேர்பவர், எழுதும் பயிற்சி எவ்வளவு, பேசும் பயிற்சி எவ்வளவு என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும்.

தனியாசிரியர் வகுப்பைவிட மணிக்கணக்கில் அதிகச் செலவு வைப்பார் என்றாலும், நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதால் மொத்தத்தில் அது மலிவாகவே முடியக்கூடும். அவரிடம் பாடநூலைத் திறக்கச் சொல்லக் கூடாது. நம்மிடம் கேட்கப்படப்போகும் கேள்விகளை எழுதி எடுத்துச்சென்று, அவற்றை அவர் இயல்பான வேகத்தில் கேட்க, நாம் பதில் சொல்லிப் பழக வேண்டும். பினாங்கில் சீனம் பேசும் தமிழரிடம் என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: எங்கே கற்றாய், சீனப்பள்ளியில் படித்தாயா, எங்கே குடியிருக்கிறாய், திருமணம் ஆகிவிட்டதா, என்ன வேலை. தைப்பூசம் பற்றியும் கட்டாயம் பேச்சு வரும். தண்ணீர்மலைக்கு வேண்டுதலோடு ஏறும் சீனர்களும், இரதம் வரும் வழியில் தேங்காய்களைக் குவித்து உடைக்கும் சீனக் குடும்பங்களும் இங்கே ஏராளம் என்பதால், காவடியைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லத் தெரிந்தவர் கால் மணி நேரம் பேச்சை நடத்திவிடலாம். வானிலை பற்றிய பாடம் எவ்வளவு படித்தாலும் அவ்வளவு தூரம் கொண்டுபோகாது.

ஹொக்கியெனுக்குத் தனியாசிரியர் கிடைப்பது அரிது. வீட்டில் பேசும் மொழியைக் கற்பிக்க முடியும் என்றே பலர் நினைப்பதில்லை. அங்கே மொழிப் பரிமாற்றமும் அலுவலக நட்பும்தான் வழி. மதிய உணவு வேளையில் உடன் பணிபுரியும் சீன அண்ணனிடமோ அக்காவிடமோ இன்றைக்கு ஹொக்கியெனில் மட்டும் பேசுவோம் என்று கேட்டுக்கொண்டால் மறுப்பவர் குறைவு, பதிலுக்கு அவர் தமிழில் கெட்ட வார்த்தை கேட்பார் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளலாம். டான்டெம், ஹலோடாக் போன்ற பரிமாற்றச் செயலிகள் மாண்டரினுக்கு நன்றாக உதவுகின்றன. ஆயினும் அவற்றில் வருபவரும் மொழி கற்கவே வருகிறார் என்பதை மறந்து, முதல் செய்தியிலேயே துணை தேடும் தொனியில் எழுதுபவர்களால் பல பெண்கள் அவற்றை விட்டு விலகிவிடுகிறார்கள். பயிற்சிக்கான இடத்தையும் அறிமுகத்துக்கான இடத்தையும் பிரித்து வைப்பது இருபாலருக்கும் நல்லது.

பாரையே வகுப்பாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி அதிரும்போது தொனி வேறுபாடு யார் காதிலும் விழாது. தாய்மொழிக்காரர்களே கத்திக்கொண்டுதான் பேசுவார்கள். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, சலுகை விலை நேரத்தில், கூட்டம் சேராதபோது முகப்பு மேடையில் அமர்ந்தால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் அங்கே பேச்சுக்குக் கிடைப்பவர் பரிமாறும் ஊழியராகவே இருப்பார். பானம் கேட்பது, கணக்குக் கேட்பது, இனிப்பு குறைவாக என்று சொல்வது ஆகியவற்றை அவரிடம் பழகலாம். அவர் புன்னகைப்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி, அதற்கு மேல் அதில் எதையும் படித்துவிடக் கூடாது.

பாரில் உண்மையாகவே மொழி கற்றுத்தரும் ஒன்று உண்டு. அது பகடைக் குவளை. சீனர்கள் அமரும் மேசைகளில் ஆளுக்கொரு குவளையும் ஐந்து பகடைகளும் அடிக்கடி காணலாம். எல்லோரும் குலுக்கிக் கவிழ்த்து, தத்தம் பகடையை மட்டும் இரகசியமாகப் பார்த்துக்கொண்டு, மேசையில் மொத்தம் 'நான்கு மூன்றுகள்', 'ஐந்து மூன்றுகள்', 'ஐந்து ஆறுகள்' என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒன்று என்ற பகடை எந்த எண்ணாகவும் செல்லும், யாராவது ஒன்றையே கூறிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும் என்பது பரவலான விதி. முன்னவர் சொன்னதை நம்பாதவர் திற என்று சொல்வார், எண்ணிப் பார்த்துத் தோற்றவர் குடிப்பார். இதற்குத் தேவையான மொழி, ஒன்று முதல் பத்துப் பன்னிரண்டு வரையிலான எண்களும் திற என்ற ஒரு சொல்லும்தான். ஆனால் அவற்றை வேகமாகக் கேட்டு, வேகமாகச் சொல்ல வேண்டும். ஒரே வாக்கிய அமைப்பு ஒரு மணி நேரத்தில் நூறு முறை திரும்ப வரும், தவறாகச் சொன்னால் மேசையே திருத்தும். எந்த ஆசிரியரிடமும் இவ்வளவு பயிற்சியை ஒரே மாலையில் பெற முடியாது. முதல் இரண்டு வாரத்தில், எந்தச் சீனத்தைத் தேர்ந்தாலும், எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுமளவுக்கு உரு ஏற்றிவிடுமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான். மது அருந்தாதவர் தேநீரோ சோடாவோ வைத்துக்கொண்டு ஆடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேட்டுப் புரிந்துகொள்வதற்கு முதலிடம் என்று முன்னே சொன்னதற்கு இன்னொரு காரணமும் உள்ளது. சீன உரையாடலில் மறுப்பு பெரும்பாலும் நேராக வராது. அடுத்த முறை பார்க்கலாம், இன்றைக்குச் சற்றுக் களைப்பு, தோழியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மென்மையாக வரும். நம் வீடுகளிலும் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்கிறோம் என்பதால் இதன் பொருள் நமக்கு விளங்காமல் போகாது. விளங்குமளவுக்குக் காது பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவரைக் கவரும் வாக்கியங்களைப் பத்து மனப்பாடம் செய்தவர், இந்த மறுப்பு வாக்கியங்கள் ஐந்தை அறியாமல் பாருக்குள் நுழைந்தால், அவர் தொல்லை தருபவராகத்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரிவார். அதே போல, சந்தைக் கடைக்காரர் வாடிக்கையாளரை 'லெங் லுய்' (அழகி), 'லெங் சாய்' (அழகன்) என்று அழைப்பதைக் கேட்டுவிட்டு, அறிமுகமில்லாத பெண்ணிடம் அதையே முதல் சொல்லாக எடுத்துவிடுவதும் தவிர்க்க வேண்டிய ஒன்று. கடைக்காரர் வாயில் அது வியாபார மரியாதை. இரவு பாரில் அந்நியர் வாயில் அது மலிவாகத் தொனிக்கும். பெயரைக் கேட்டு, பெயரைச் சரியான தொனியில் திருப்பிச் சொல்லி, சரியா என்று உறுதிப்படுத்திக்கொள்வதைவிட நல்ல தொடக்கம் எந்தச் சீனத்திலும் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து நான் தரும் தீர்ப்பு இது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியவராகவும், தீவிலேயே வேரூன்றிய சீன நண்பர்களைக் கொண்டவராகவும் இருந்தால், ஹொக்கியெனைத் தேர்ந்தெடுங்கள். செயலியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அலுவலகத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபதுகளில் இருப்பவரும், பாயான் லெப்பாஸில் பல மாநிலத்தாரோடு வேலை செய்பவரும், கோலாலம்பூருக்கு அடிக்கடி செல்பவரும் மாண்டரினைத் தேர்வதே தகும். அவர்கள் செயலியில் தொடங்கி, இரண்டு மாதத்துக்குப் பிறகு மலேசியச் சீனரான தனியாசிரியரிடம் மாறிவிட வேண்டும். சீனப்பள்ளியில் படித்த தமிழர்கள், அவர்கள் எண்ணிக்கை இப்போது கணிசம், மாண்டரினை ஏற்கெனவே கையில் வைத்திருப்பதால் ஹொக்கியெனைக் காதால் சேர்த்துக்கொள்ளலாம். பல சொற்கள் ஒலி மாறி வருவதைக் கண்டுகொண்டால் மற்றவர் ஓராண்டில் எட்டும் இடத்தை அவர்கள் சில மாதங்களில் எட்டிவிடுவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தொடக்க நிலையில் எண்களே ஒன்றோடொன்று கலந்து குழம்பும், பகடை மேசையில் அதற்கு உடனே தண்டனையும் கிடைக்கும்.

ஹொக்கியெனைத் தேர்பவருக்கு ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. பாரில் தொடங்கிய பழக்கம் மறுநாள் வாட்ஸ்அப்புக்கோ வீசாட்டுக்கோ நகர்ந்துவிடும், அங்கே ஹொக்கியெனை எழுதும் வழக்கம் பரவலாக இல்லை. நேற்றிரவு ஹொக்கியெனில் சிரித்துப் பேசியவரே இன்று மாண்டரினில் சீன எழுத்துகளாகவோ ஆங்கிலத்திலோ செய்தி அனுப்புவார். மாண்டரினைத் தேர்ந்தவருக்கு இங்கே ஆதாயம் அதிகம். பின்யின் என்னும் ரோமன் எழுத்துமுறையை, சீனா 1958இல் ஏற்றுக்கொண்ட அதே முறையை, விசைப்பலகையில் தட்டினால் கைப்பேசியே சீன எழுத்துகளை வரிசையாகக் காட்டும். கையால் எழுதத் தெரியாதவரும் பார்த்து அடையாளம் கண்டு தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம். ஹொக்கியென்காரர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. குரல் செய்தி அனுப்பும் பழக்கம் சீனரிடையே பரவலாக இருப்பதால், ஹொக்கியெனிலேயே பேசிப் பதிந்து அனுப்பலாம்; வரும் பதிலை வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொள்ளவும் செய்யலாம்.